தாயில்லாக் கன்றுக்கு முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அப்புறம்தான் பால்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் பூண்டுத் தோட்டம். வீட்டில் இருந்த ஒரே கறவை, ஜெர்சி கலப்பு மாடு, கிடேரிக் கன்று போட்ட மறுநாள் ராத்திரி படுத்தது எழுந்திருக்கவில்லை, விடிவதற்குள் இறந்துவிட்டது. கன்றுக்கு இன்று நாலாவது நாள். எழுந்து நிற்கத் தடுமாறுகிறது, மஞ்சளாகக் கழிகிறது, பாட்டிலை வாயில் வைத்தால் சப்ப மாட்டேன் என்கிறது. அப்பத்தா அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொல்கிறார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கச் சொல்கிறார், கடைக்காரர் பால் பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டுகிறார். "எந்தப் பால், எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை முழுசாகப் படித்தால், இந்தக் கன்று பிழைக்குமா, இன்று ராத்திரி நான் என்ன செய்யவேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பால் கணக்கு அதற்குப் பின்னால் வரும்.

நான் கால்நடை மருத்துவம் படித்து, மேல்மலையிலும் கீழ்மலையிலும் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாயில்லாக் கன்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், பிழைத்தவையும் உண்டு, போனவையும் உண்டு. இங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் கன்றைத் தொட்டுப் பார்க்க முடியாது, அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துப் பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானது இது: நம் மலையில் இந்த வயதுக் கன்று, எந்தப் பாலைக் கொடுத்தோம் என்பதால் சாவது குறைவு. குளிர்ந்துபோய்ச் சாகிறது, உடம்பில் நீர் வற்றிச் சாகிறது, ஆள் அவசரப்பட்டு ஊற்றிய பால் நுரையீரலுக்குள் போய்ச் சாகிறது. ஆகவே வேலை செய்யும் வரிசை முதலில் சூடு, அடுத்து உப்பு கலந்த தண்ணீர், அப்புறம் பால். குளிர்ந்து கிடக்கும் கன்றுக்கு எவ்வளவு நல்ல பாலைக் கொடுத்தாலும் குடல் அதை வாங்காது, சப்பவும் வராது. "சப்ப மாட்டேன் என்கிறது" என்ற உங்கள் வரியைப் படித்ததுமே எனக்கு அதன் உடம்புச் சூட்டைப் பற்றித்தான் கவலை வந்தது.

வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் அதுவே போதும். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலை ஒதுக்கி, ஆசனவாய்க்குள் மெதுவாக நுழைத்து, சாணத்துக்குள் குத்தி நிற்காமல் பக்கச் சுவரை ஒட்டினாற்போல் பிடியுங்கள். 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் சரி. 100க்குக் கீழே என்றால் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டுச் சூடேற்றுகிற வேலையைப் பாருங்கள். 95க்குக் கீழே போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. 103.5ஐத் தாண்டினால் காய்ச்சல், உள்ளே கிருமி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் கையைக் கழுவிவிட்டு இரண்டு விரலை அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நல்லபடியாக இருக்கிற கன்றின் வாய் உள்ளே வெதுவெதுப்பாக, எச்சிலோடு வழவழப்பாக இருக்கும். நாக்கு உங்கள் விரலைச் சுற்றி வளைத்து மேலண்ணத்தோடு அழுத்தி இழுக்கும், விரலை வெளியே எடுக்கவே கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். குளிர்ந்த கன்றின் வாய் சில்லென்று இருக்கும், எச்சில் பிசுபிசுக்கும், நாக்கு அசையாது, விரலைச் சும்மா மெல்லும், இழுக்காது. இந்த இழுப்பு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் மீதி எல்லாவற்றையும் முடிவு செய்யவேண்டும்.

சூடேற்ற, முதலில் உடம்பு நனைந்திருந்தால் காய்ந்த சாக்கால் முதுகு, விலா, தொடை எல்லாம் அழுத்தித் துடையுங்கள். துடைப்பதே ரத்த ஓட்டத்தைக் கூட்டும், தாய் நக்குவதும் அதைத்தான் செய்கிறது. பிளாஸ்டிக் பாட்டில்களில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி, முன்னங்கால் இடுக்கிலும் வயிற்றோரத்திலும் வைத்து மேலே கம்பளியைப் போர்த்துங்கள். ஒரு மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். 95க்குக் கீழே இருக்கிற கன்றுக்கு இது பற்றாது. பெரிய அண்டாவிலோ தொட்டியிலோ கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, தலையை வெளியே தாங்கிப் பிடித்து உடம்பை அமிழ்த்தி, வாய்க்குள் சூடு திரும்பியதும் எடுத்து, ஈரம் துளிகூட இல்லாமல் துடைக்கவேண்டும். பாதி ஈரத்தோடு விட்டால் முன்னைவிட மோசமாகிவிடும். மேல்மலை வீடுகளில் பூண்டுக் கட்டு தொங்குகிற அடுப்படியிலேயே கன்றைக் கொண்டுவந்து போடுவார்கள், நல்ல இடம்தான், ஆனால் புகை நேராக மூக்கில் ஏறாதபடி தள்ளிப் போடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், மூடிய அறைக்குள் கரிக் கணப்பை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கன்றையும் கொல்லும், காவல் இருக்கிறவரையும் கொல்லும்.

அடுத்தது தண்ணீர். கண்ணைப் பாருங்கள், கண்விழிக்கும் கீழிமைக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா? கழுத்துத் தோலைக் கிள்ளித் திருகி விடுங்கள். உடனே படிந்தால் பரவாயில்லை, இரண்டு வினாடிக்கு மேல் கூடாரம் கட்டி நின்றால் நீர் வற்றியிருக்கிறது, ஆறு வினாடிக்கு மேல் நின்றால் வாய்வழியாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாது, நரம்பில் ஏற்றித்தான் ஆகவேண்டும். 25 கிலோ கன்று உடம்பு எடையில் எட்டு சதவீதம் நீரை இழந்திருந்தால் இரண்டு லிட்டர் பாக்கி. அதற்கு மேல் தொடர்ந்து கழிவதில் போவது வேறு.

மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கிற ஓஆர்எஸ் பொடி இந்த அவசரத்துக்கு உதவும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், 200 மில்லிக்கு உள்ள சின்னப் பாக்கெட்டும் உண்டு, அதை லிட்டரில் கலந்தால் வெறும் தண்ணீர்தான். பழச்சாறு மாதிரி அட்டைப்பெட்டியில் வருகிற இனிப்புத் தண்ணீர் வேண்டாம். வீட்டில் உப்பும் சீனியும் கலந்து செய்யலாமே என்பார்கள். பிள்ளைகளுக்குச் செய்யலாம், கன்றுக்கு வேண்டாம், ஏனென்றால் சீனியைச் செரிக்கிற நொதி கன்றின் குடலில் இல்லை. செரிக்காத சீனி குடலில் தங்கி இன்னும் நீரை இழுத்துக் கழிச்சலைக் கூட்டும். வெல்லம், கருப்பட்டி எல்லாம் அதே கதை. குளுக்கோஸ் வேறு, அது நேராக உறிஞ்சப்படும், ஓஆர்எஸ் பொடியில் இருப்பது அதுதான்.

வெதுவெதுப்பாகக் கலக்கி, ஒரு தடவைக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, பால் கொடுக்கும் நேரங்களுக்கு நடுவில் கொடுங்கள். பாலோடு கலக்காதீர்கள். அதில் உள்ள சிட்ரேட் உப்பு கன்றின் வயிற்றில் பால் உறைவதைக் கெடுக்கும். பாலுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். கழிகிறது என்று பாலை நிறுத்துவது இன்னொரு பழைய பழக்கம். நாங்கள் படித்த காலத்தில் ஒரு நாள் பட்டினி போடச் சொல்லிக் கொடுத்தார்கள், இப்போது அது கைவிடப்பட்டது. இந்த வயதுக் கன்றின் உடம்பில் சேமித்த கொழுப்பு கொஞ்சம்தான், குளிரில் ஒரு நாள் பட்டினியே அதைக் காலி பண்ணிவிடும். அளவைக் குறைத்து, தடவையைக் கூட்டுங்கள்.

கழிச்சலுக்குக் காரணம் என்ன என்று கேட்டால், இங்கிருந்து சொல்ல முடியாது. பிறந்த நாலு நாளுக்குள் என்றால் ஈ.கோலை பாக்டீரியா முதல் சந்தேகம். ஒரு வாரம் போனபின் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இவை வரும். மூன்று வாரத்துக்குப் பின் ரத்தக் கழிச்சல் என்றால் காக்சிடியா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. சாணத்தின் நிறத்தை வைத்து யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், நிறம் அவ்வளவு நம்பகமில்லை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. காய்ச்சலோ, ரத்தமோ, தலை தூக்க முடியாத சோர்வோ இருந்தால் டாக்டர் பார்த்து ஊசி போடுவார். மனிதர்களின் பேதி நிறுத்தும் மாத்திரையை மட்டும் கொடுக்காதீர்கள், வெளியே போகவேண்டிய விஷம் உள்ளேயே தங்கிவிடும். கிரிப்டோ மனிதருக்கும் ஒட்டும். கன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழிகிற கன்றோடு விளையாட விடாதீர்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூடேற்றியும் இரண்டு மணி நேரத்தில் சப்பும் இழுப்பு வரவில்லை, தலையைத் தூக்கவில்லை, கண் நன்றாகக் குழிந்துவிட்டது, மூச்சு இரைக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் 1962க்குப் போன் போடுங்கள். கால்நடை அவசர ஊர்தி எண் அது, கட்டணம் இல்லை. மன்னவனூருக்கு வண்டி வர நேரமாகும், மழை நாளில் இன்னும் ஆகும், அதனால் மோசமாகட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல் சந்தேகம் வந்ததுமே கூப்பிடுங்கள். இந்த நிலையில் ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கும், நரம்பில் பைகார்பனேட்டும் நீரும் ஏற்றினால் படுத்த கன்று சில மணி நேரத்தில் எழுந்து நிற்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதை வீட்டில் செய்ய வழியில்லை.

கன்று பிழைக்குமா என்பதில் பெரும்பங்கு முதல் நாள் சீம்பாலைப் பொறுத்தது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குப் போகாது, பிறக்கும்போது அது வெறுங்கையோடு வருகிறது. சீம்பாலில் இருக்கிற அந்தப் புரதத்தைக் குடல் அப்படியே ரத்தத்துக்குள் விடுவது முதல் 24 மணி நேரம் வரைதான். அதிலும் முதல் ஆறு மணி நேரம் போவதுதான் நன்றாகச் சேரும். உங்கள் கன்று பிறந்த அன்றே தாயிடம் எழுந்து போய்க் குடித்தது என்றால் நல்லது, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. குடித்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். குடிக்கவில்லை என்றால் இப்போது சீம்பால் கொடுத்து ரத்தத்தில் சேர்க்க முடியாது. ஆனாலும் ஊரில் வேறு மாடு புதிதாகக் கன்று போட்டிருந்தால் வாங்கிக் கொடுங்கள், குடலுக்குள்ளேயே கிருமியோடு மோதும், நல்ல சத்தும் இருக்கிறது. காய்ச்ச வேண்டாம், கொதித்தால் அந்தப் புரதம் செத்துவிடும்.

இதை ஊர் முழுக்கவும் சொல்ல ஆசைப்படுகிறேன். மாடு கன்று போட்டால் சீம்பாலைக் காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுக்கிறோம், நல்ல பழக்கம்தான். கன்று குடித்து மிஞ்சியதில், முதல் கறவையில் இரண்டு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வைத்துவிட்டு மீதியைக் காய்ச்சுங்கள். உறைந்த சீம்பால் ஒரு வருடம் வரை கெடாது. தேவைப்படும்போது வெந்நீருக்குள் பாட்டிலை வைத்து உருக்கவேண்டும், தண்ணீர் கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போகக்கூடாது. ஊருக்கு ஒரு பாட்டில் இப்படி இருந்தால் போதும், உங்கள் கன்று மாதிரி ஒன்று அனாதையாகும் நாளில் அது எந்த ஊசியையும்விட உதவும்.

சரி, இப்போது எந்தப் பால். பசும்பால், தண்ணீர் கலக்காமல். தண்ணீர் கலந்தால் செரிக்கும் என்பது தவறு. பால் கன்றின் நாலாவது இரைப்பையில் உறைந்து, கட்டியாகி, மெல்ல மெல்லச் செரிக்கவேண்டும். நீர்த்த பால் சரியாக உறையாது, சத்தும் பாதிதான், கன்று வயிறு நிறையக் குடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பசும்பால் கிடைத்தால் அதுவே முதல். தெரியாத மாட்டுப் பால் என்றால் காய்ச்சி ஆற்றிக் கொடுங்கள். மடிநோய் வந்த மாட்டுப் பால், ஊசி போட்டிருக்கிற மாட்டுப் பால் வேண்டாம், கன்றுக்குத்தானே என்று அதைத்தான் பெரும்பாலும் ஒதுக்கித் தருவார்கள். ஆட்டுப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பாக்கெட் பால் அவசரத்துக்குச் சரி, கொழுப்பு அதிகமுள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் காட்டிய டப்பா, டீக்குக் கலக்கிற பவுடர் என்றால் அதில் சீனி இருக்கும், வேண்டாம். கன்றுக்கென்றே விற்கிற பால் பவுடர் வேறு, அது நல்லதே, ஒரு லிட்டருக்கு 125 முதல் 150 கிராம் என்ற கணக்கில் கலக்குவது, பையில் போட்டிருக்கிறபடி செய்யுங்கள். வகையை மட்டும் தினமும் மாற்றாதீர்கள்.

அப்பத்தாவின் கஞ்சியைப் பற்றி. அவர் பாசத்தில் சொல்கிறார், பெரிய மாட்டுக்குக் கஞ்சி கொடுத்துத் தேற்றியும் இருப்பார். ஆனால் இந்த வயதுக் கன்றுக்கு மாவுச்சத்தைச் செரிக்கிற சக்தி மிகக் குறைவு. மூன்று வாரம் போகட்டும். பச்சை முட்டை அடித்து ஊற்றுவதும் தேவையில்லை, நன்மை செய்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் நான் பார்த்ததில்லை.

அளவு: சாதாரணமாக எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நம் மேல்மலைக் குளிருக்கு அது பற்றாது. பத்து டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே பிறந்த கன்று உடம்பைச் சூடாக வைத்திருக்கவே சத்தைச் செலவழிக்கும், மார்கழி தை ராத்திரியில் இங்கே உறைபனி விழுகிறது. மூன்று, மூன்றரை லிட்டர் வரை போகலாம். ஆனால் இன்றைக்கே அதை நினைக்காதீர்கள். முதல் நாள் அரை லிட்டர் வீதம் ஐந்து தடவை, அதில் ஒன்று ராத்திரி பத்து பதினொன்றுக்கு, ஒன்று விடிகாலையில். தேறத் தேற அளவைக் கூட்டித் தடவையைக் குறைத்து, இரண்டாவது வாரத்தில் நாளைக்கு மூன்று தடவைக்கு வாருங்கள். பால் 39 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கவேண்டும், மணிக்கட்டில் விட்டால் இதமான சூடு தெரியவேண்டும். அடுப்படியிலிருந்து கொட்டகைக்குப் போவதற்குள் ஆறிவிடும் என்பதால் பிளாஸ்கில் கொண்டுபோங்கள்.

கொடுக்கிற விதத்தில்தான் நிறையக் கன்று போகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கன்று நிற்கட்டும், முடியாவிட்டால் மார்பின் மேல் நேராக உட்கார்ந்த மாதிரி படுக்க வைத்து, உங்கள் இரண்டு முழங்காலுக்கு நடுவில் தாங்கிக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்த கன்றுக்கு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. தாயிடம் குடிக்கும்போது கழுத்து எப்படி நீளுமோ அப்படி, முகம் முதுகுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தால் பால் மூச்சுக்குழாய்க்குப் போகும். சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு மூடிக்கொண்டு, மடை மாற்றிவிட்ட வாய்க்கால் போல, பாலை முதல் மூன்று பைகளில் விடாமல் நேராக நாலாவது பைக்கு அனுப்புகிறது. ஊற்றினால் அந்த மடிப்பு சரியாக மூடாது, பால் முதல் பையான பெரிய வயிற்றில் விழுந்து புளித்துப்போகும். மூங்கில் குழாயில் அடைத்து வாயில் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடச் சொல்வது இதற்காகத்தான்.

நிப்பிளின் ஓட்டை சிறிதாக இருக்கட்டும், பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டவேண்டும், ஒழுகக் கூடாது. சீக்கிரம் குடிக்கட்டும் என்று பிளேடால் ஓட்டையைப் பெரிதாக்குகிறார்கள், அதுதான் நிமோனியாவுக்கு வழி. விரலைப் பாலில் நனைத்து மேலண்ணத்தில் தடவி, இழுக்க ஆரம்பித்ததும் விரலுக்குப் பக்கத்திலேயே நிப்பிளை நுழைத்து, மெல்ல விரலை உருவிக்கொள்ளுங்கள். அதே நேரம் வால் அடியிலும் இடுப்பிலும் சொறிந்துவிடுங்கள், தாய் அங்கேதான் நக்கிக்கொண்டிருக்கும். இருமினாலோ மூக்கில் பால் வந்தாலோ உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். சப்பவே இல்லை என்றால் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடலாம்தான், ஆனால் அதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர் செய்யட்டும், போனில் கேட்டுச் செய்கிற வேலை இல்லை அது. பாட்டிலை ஒவ்வொரு தடவையும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, கவிழ்த்துக் காயவையுங்கள்.

ஊரில் கன்றோடு இருக்கிற சாதுவான மாடு ஏதாவது இருந்தால், அந்த வீட்டுக்காரர் சம்மதித்தால், அதனிடம் ஊட்டவிடுவது பாட்டிலைவிட நல்லது. எல்லா மாடும் ஏற்காது. கன்றின் மேல் உப்புத் தண்ணீர் தடவி நக்க வைப்பது, மாட்டின் சொந்தக் கன்றோடு சேர்த்து ஒரே நேரத்தில் விடுவது இவை சில சமயம் பலிக்கும், சில சமயம் உதைதான் கிடைக்கும். பக்கத்தில் ஆள் நிற்காமல் விடவேண்டாம். கழிச்சல் நின்ற பிறகு இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கன்றுக்கும் ஒட்டும்.

படுக்கை காய்ந்திருக்கவேண்டும். வைக்கோல் கீழிருந்து லாரியில் வருவது, விலை கூட, தெரியும். காய்ந்த புல், சருகு எதுவானாலும் சரி, படுத்தால் கால் மறைகிற உயரத்துக்குப் போடுங்கள். அதன் மேல் நீங்களே முழங்கால் போட்டு அரை நிமிடம் இருந்து பாருங்கள், துணியில் ஈரம் ஏறினால் மாற்றவேண்டும். அப்படிக் குனிந்திருக்கும்போதே மூத்திர வாடை கண்ணில் கரித்தால் கன்றின் நெஞ்சுக்கும் அது ஆகாது. கீழே காற்று அடிக்காமல் தார்ப்பாய் கட்டி, மேலே காற்று போக வழி விடுங்கள். பழைய கம்பளியைச் சாக்கோடு சேர்த்துத் தைத்து வயிற்றில் கட்டிவிட்டால் நல்ல சட்டை. ராத்திரி கதவு இருக்கிற இடத்தில் அடையுங்கள், நம் பக்கம் சிறுத்தைக்குத் தனியாகக் கத்துகிற கன்று இருக்கும் இடம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

தொப்புளை இன்றே பாருங்கள். நாலாம் நாளுக்குக் கொடி காய்ந்து சுருங்கியிருக்கவேண்டும். தடித்து, சூடாக, தொட்டால் வலியில் முதுகை வளைத்தால், நாற்றமடித்தால், அங்கிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி முழங்கால் மூட்டுகளில் போய் உட்காரும். மூட்டு வீங்கியபின் வைத்தியம் கஷ்டம், இப்போதே ஊசி போட்டால் சரியாகும். இன்னும் ஈரமாக இருந்தால் டிங்சர் அயோடினில் முக்கியெடுங்கள். நிற்கத் தடுமாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், குளிரும் நீரிழப்பும்தான் காரணம் என்று நினைக்கிறேன், ஆனால் ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வரவேண்டும்.

இந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் மீதி சுலபம். ஒரு வாரத்திலிருந்தே குடிக்கத் தண்ணீர் வையுங்கள், காலையில் வெதுவெதுப்பாக. பால் பெரிய வயிற்றுக்குள் போவதில்லை என்பதால் அந்த வயிறு வளரத் தண்ணீரும் தீவனமும்தான் வேண்டும். கன்றுத் தீவனம், புரதம் 20 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக, பால் குடித்த கையோடு ஒரு பிடி வாயில் தடவிப் பழக்குங்கள். பெரிய வயிற்றின் உள்சுவர் வளர்வது புல்லைவிடத் தானியத் தீவனத்தால்தான். ஒரு நாளைக்கு முக்கால் முதல் ஒரு கிலோ தீவனத்தை மூன்று நாள் தொடர்ந்து தின்றால் பாலை நிறுத்தலாம், பெரும்பாலும் எட்டு பத்து வாரத்தில் வரும். மொத்தம் 200 லிட்டர் பால் பக்கம் செலவாகும், இதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் கழித்த கேரட்டும் முட்டைக்கோஸ் இலையும் இந்த வயதுக்கு வேண்டாம், மருந்து அடித்ததாக இருக்கும், வயிற்றையும் இளக்கும். மேய ஆரம்பிக்கும்போது சரிவில் அடர்ந்து கிடக்கிற பெரணிப் பக்கம் விடாதீர்கள், அதைத் தொடர்ந்து தின்கிற மாட்டுக்கு ரத்த மூத்திரம் வரும்.

இரண்டு வாரத்தில் குடற்புழு மருந்தை டாக்டரிடம் எடை சொல்லி வாங்குங்கள். கொம்புக் குருத்தைச் சுடுவதானால் இரண்டு மூன்று வாரத்துக்குள், மரத்துப்போகிற ஊசி போட்டு. நாலாம் மாதம் கோமாரித் தடுப்பூசி. கிடேரி என்பதால் நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா நோய்க்கான தடுப்பூசி ஒரே ஒரு தடவை, அதைத் தவறவிட்டால் பின்னால் போட முடியாது.

தாய் இறந்ததைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். காது சில்லிட்டிருந்தது, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது, காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஊகம், பால்காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உண்மையில் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடுவது. கன்று போட்ட மூன்று நாளுக்குள் வரும், ஜெர்சி ரத்தம் உள்ள மாட்டுக்கு அதிகம். பரிசோதனை இல்லாமல் இதை உறுதி என்று சொல்ல மாட்டேன். அதுதான் காரணம் என்றால் கன்றுக்கு அதனால் எதுவும் ஒட்டாது, அது நல்ல செய்தி. இனி உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ கன்று போட்ட மாடு இப்படிப் படுத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், ராத்திரியே டாக்டரைக் கூப்பிடுங்கள். நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

பிழைக்குமா? பிறந்த அன்று சீம்பால் குடித்திருந்து, இன்று ராத்திரி சூடு 100க்கு மேல் வந்து, விரலை இழுக்க ஆரம்பித்தால் நல்ல நம்பிக்கை இருக்கிறது. சீம்பாலே குடிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று வாரம் கழிச்சலும் சளியும் திரும்பத் திரும்ப வரும், அதற்குத் தயாராக இருங்கள், அப்படியும் தேறிய கன்றுகள் உண்டு.

நாளைக் காலையில் நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள்: தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது, விரலை இழுத்ததா, கழுத்துத் தோல் எத்தனை வினாடி நின்றது, தொப்புள் எப்படி இருக்கிறது. பார்த்துவிட்டுப் பால் அளவை மாற்றவேண்டுமா என்று சொல்கிறேன்.